தண்ணீர் திரும்பும் வரை

என் தம்பிக்கு ஆமை என்ற பட்டப்பெயர் வந்தது பள்ளி ஓட்டப்பந்தயத்தில். விசில் ஊதியதும் மற்றப் பிள்ளைகள் பாய்ந்து ஓட, இவன் மட்டும் கோட்டருகே குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டுத்தான் ஓடினான். கடைசியாகத்தான் வந்தான். ஆனால் கயிறு தடுக்கிக் குப்புற விழுந்த இரண்டு பேரில் அவன் இல்லை. வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். விழாமல் வந்தவனைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

நான் அவனுக்கு ஒன்பது வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்று தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தவள். துணி திருத்திக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பிடிப்பதை விடுவேன், தொளதொளப்பதைப் பிடிப்பேன். தம்பியைப் பற்றி எழுதும்போதும் அப்படித்தான். ஆளுக்கு எது அளவோ அதற்கு மேல் ஒரு விரற்கடை சேர்க்க மாட்டேன்.

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். உயரமான கட்டிடங்களில் கடைசி மாடிக்கும் மேலே ஓர் அறை இருக்கும். மோட்டார் சூடும் கிரீஸ் வாசனையும் அடைத்துக்கொண்டிருக்கும் அந்த அறைதான் அவன் அலுவலகம். லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறுகளை அவன் துணியால் சோதிப்பான். என் கடையில் விழும் வெட்டுத்துணிகளில் மெல்லியதாகப் பொறுக்கி எடுத்துப் போவான். கயிற்றின் மேல் துணியைச் சுற்றி மெதுவாக இழுத்துக்கொண்டே வருவான். எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் துணி அங்கே மாட்டும். கண்ணுக்குத் தெரியாத பிசிறு துணிக்குத் தெரியும் என்பான். அப்படி ஒரு கயிற்றைப் பார்த்து முடிக்க அவனுக்கு ஒரு முழுக் காலை வேண்டும். குடியிருப்போர் திட்டிக்கொண்டே படியேறுவார்கள். அவன் பார்த்த லிஃப்ட் ஒன்றுகூட இதுவரை ஆளோடு கீழே இறங்கக் கூடாத மாதிரி இறங்கியதில்லை.

படகு அவனுடைய சனி ஞாயிறு. வாங்கியபோது அதற்குப் படகு என்ற பெயர் மட்டும்தான் மிச்சம் இருந்தது. என் கடைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் கவிழ்த்துப் போட்டு, பலகை பலகையாக மாற்றி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழித்துத்தான் தண்ணீரில் இறக்கினான். பாயை நான் தைத்தேன். தடித்த துணி, இரட்டைத் தையல், நாலு ஊசி முறிந்தது. படகுக்கு இஞ்சின் கிடையாது. எங்கே என்று கேட்பவர்களுக்கு மேலே கையைக் காட்டுவான். பாய்மரத்தின் உச்சியில் நான் கொடுத்த சிவப்புக் கம்பளி நூல் ஒன்று தொங்கும். அது அசைந்தால் காற்று இருக்கிறது என்று அர்த்தம். அசையாவிட்டால் ஆரஞ்சு உரித்துச் சாப்பிடலாம் என்று அர்த்தம்.

எங்கள் ஆற்றில் கடல் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். காற்றை நம்ப முடியாது, தண்ணீரை நம்பலாம். இரண்டையும் சேர்த்து வைத்துக் கணக்குப் போடுவதுதான் அவனுக்கு விளையாட்டு.

நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் இருந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "பையன் நல்லவருதான், ஆனா ரொம்ப நிதானம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் டிரைவர் வந்தாள்.

அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். ஊரே அவளை டிரைவர் என்றுதான் கூப்பிடும். ஒரு கட்டிடத்தில் நெஞ்சுவலிக்காரர் ஒருவர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்த டிரைவர், மேலே நின்ற என் தம்பியைப் பார்த்துக் கத்தினாள்.

"சீக்கிரம்! உள்ள ஆளுக்கு மூச்சு வாங்குது, நீங்க என்னத்த தடவிட்டு நிக்கிறீங்க?"

"ஒரு நிமிஷம் கத்தாம இருங்க. சீக்கிரம் செஞ்சா லேட்டாகும்."

பிறகு கையால் சக்கரத்தைச் சுற்றி, லிஃப்டைப் பஞ்சு மாதிரி கீழ் மாடியில் இறக்கி வைத்தான். பெரியவர் பிழைத்துக்கொண்டார். அடுத்த வாரம் டிரைவர் அவனைத் தேடிக்கொண்டு மொட்டை மாடிக்கே வந்தாள்.

"அந்த ஒரு நிமிஷம் என்ன பண்ணீங்க? அதைக் கேக்காம எனக்குத் தூக்கம் வரல."

"பிரேக் புடிச்சிருக்கான்னு பாத்தேன். புடிக்காம சக்கரத்தத் தொட்டிருந்தா பெரியவர் நேரா தரைத்தளத்துக்குப் போயிருப்பாரு."

அதற்கப்புறம் இருவரும் டீ குடித்தார்கள். பல மாதம் டீயே குடித்தார்கள். கல்யாணம் பற்றி அவன் கேட்கிற வழியாக இல்லை. நான்தான் போய்க் கேட்டேன்.

ஆம்புலன்ஸ் நிற்கும் கொட்டகை படகுத்துறைக்கு எதிரிலேயே இருக்கிறது. டிரைவர் வண்டியின் உட்புறத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை ஆளை இறக்கிய பிறகும் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, சுருட்டி, அதனதன் இடத்தில் வைத்தால்தான் அவளுக்குக் கை நிற்கும். ஸ்ட்ரெச்சர் பட்டையைச் சுருட்டிக்கொண்டே நேராகச் சொன்னாள்.

"அக்கா, எனக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆகி முடிஞ்சது உங்களுக்குத் தெரியும். அந்த ஆளு கட்டில்ல படுத்துக்கிட்டே 'கிளம்பிட்டேன்'னு போன்ல சொல்லுவாரு. எனக்கு வேகம் வேண்டாம்க்கா, வேகம் வேலையிலயே போதும் போதும்னு இருக்கு. சொன்ன நேரத்துக்கு வர்ற மனுஷன் வேணும். உங்க தம்பி இந்த சனி ஞாயிறு படகுல கூப்பிட்டிருக்காரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு டூட்டி. ஆறுக்கு என்னை இங்க கொண்டுவந்து நிறுத்திட்டாருன்னா நான் யோசிக்க ஒண்ணுமில்ல. நிறுத்தலைன்னா நீங்க மறுபடி கேக்கவும் வேண்டாம்."

"படகுக்கு இஞ்சின் இல்லையேம்மா."

"அதான் கேக்குறேன்."

இதை வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் தண்ணீர் ஏறி இறங்கும் நேரம் போட்ட ஓத அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் ஒரு வரியைத் தொட்டுப் பார்த்தான். "சரி, ஆறு" என்றான். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை தண்ணீர் இறங்கத் தொடங்கும்போது மூவரும் கிளம்பினோம். முகத்துவாரத்துக்குச் சற்று முன்னால், தூண்டில் போடுகிறவர்கள் தங்கும் சிறிய விடுதி இருக்கிறது. இறங்கும் தண்ணீரோடு அங்கே போய்த் தங்கி, ஞாயிறு விடிகாலையில் ஏறும் தண்ணீரோடு திரும்புவது தம்பியின் கணக்கு. அப்படி வந்தால் மதியத்துக்கு முன்பே வீடு சேர்ந்துவிடலாம்.

காற்று இருந்தது என்று சொல்லலாம். சிவப்பு நூல் தலையைத் தூக்கித் தூக்கிப் படுத்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட காற்றில் படகில் தும்மவே யோசிக்க வேண்டும். பாய் சாய்ந்திருக்கும் பக்கமே எங்களை உட்கார வைத்தான். படகு ஒரு பக்கம் லேசாகச் சரிந்தால்தான் துணி தன் எடையில் உப்பி, இருக்கிற காற்றைப் பிடிக்குமாம். என் இரட்டைத் தையல் வளைந்து நின்றதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

டிரைவர் சற்று நேரம் பொறுத்தாள்.

"இது எப்ப ஓடும்?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"அந்த வாத்து நம்மள ஓவர்டேக் பண்ணிட்டுப் போகுது. ஹாரனாவது இருக்கா?"

"வாத்துக்கு டூட்டி இருக்கும் போல. விடுங்க."

"எங்க அம்மா சொன்னாங்க, ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு."

தம்பி சுக்கானிலிருந்து கையை எடுக்காமல் சொன்னான்: "ஆமை எதுக்கு அடுத்த வீட்டுக்குள்ள புகுது? அது தன் வீட்டை முதுகுலயே வச்சிருக்கு. வேணும்னா உங்க அம்மாவையும் ஏறிக்கச் சொல்லுங்க."

டிரைவர் சிரித்த சிரிப்பில் படகு ஆடி, பாயிலிருந்த காற்று கொட்டிப் போனது. மறுபடி பாய் நிறைவதற்கு நேரம் பிடித்தது.

மதியம் ஓரமாக நங்கூரம் போட்டு ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். நங்கூரத்தை ஏற்றியபோது அதோடு ஒரு கூடைச் சேறும் வந்தது. அதற்குப் பிறகு வெயிலும் சலசலப்பும் தாலாட்ட, டிரைவர் பலகையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இரவு முழுக்க வண்டி ஓட்டுகிற உடம்பு. விடுதிக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. தம்பி திரும்பவில்லை. நான் கையால் கேட்டேன். அவன் வாய்க்குள் சொன்னான்: "திருப்பினா பாய் இந்தப் பக்கம் அடிக்கும். முழிச்சுக்குவாங்க." அவளாக விழிக்கும்வரை நேரே போய், பிறகு சுற்றிக்கொண்டு வந்தோம்.

ஞாயிறு காலை எழுந்து ஜன்னலைத் திறந்தால் ஆறு இல்லை. பனிமூட்டம். விடுதிப் படிக்கட்டுக்குக் கீழே எல்லாம் பால் மாதிரி இருந்தது. வழி தெரியாமல் படகை மணல் மேட்டில் ஏற்றிவிட்டால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஏறும் தண்ணீர் எங்களை விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தம்பி படியில் உட்கார்ந்து டீ குடித்தான்.

டிரைவரால் உட்கார முடியவில்லை. வாளியும் துணியுமாகப் படகில் இறங்கி, பலகைகளைத் துடைத்தாள், துடுப்புகளைக் கழுவினாள். நங்கூரத்தின் சேற்றைச் சுரண்டி எடுத்தாள். அதன் நீலக் கயிற்றையும் அலசி, வட்டம் வட்டமாகச் சுருட்டி, நுனியை உள்ளே செருகி, கடையில் வாங்கியது போல படகின் முன்முனையில் மூக்குப்பலகை மேல் வைத்தாள். படகு பளபளவென்று இருந்தது. என் வாயாலேயே பாராட்டினேன்.

மூட்டம் விலகியபோது தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் நல்ல காற்று வந்தது. இறங்கும் தண்ணீரை எதிர்த்து அது எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. பாதி வழிக்கு மேல் வந்துவிட்டோம்.

அங்கே காற்று பெயருக்கு மட்டும் மிஞ்சியது.

டிரைவர் மூக்குப்பலகையில் குந்தி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்ல, தண்ணியை வெட்டிக்கிட்டு நல்லாத்தான் போகுது" என்றாள்.

"தண்ணியைப் பாக்காதீங்க. அந்த வெள்ளைத் தொட்டியையும் அதுக்கு முன்னாடி நிக்கிற கம்பத்தையும் பாருங்க."

கரையில் இருந்த கம்பம் தொட்டியின் நடுவில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டியின் விளிம்புக்கு வந்தது. பிறகு தாண்டியது. படகின் மூக்கில் தண்ணீர் கிழிந்து ஓடியதெல்லாம் உண்மைதான். ஆனால் நாங்கள் வாலாட்டிக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருந்தோம்.

"காத்துள்ள போதே தூத்திக்கோன்னு சொல்லுவாங்க. இல்லாதப்ப என்ன பண்றதாம்?"

"நிக்கணும். மத்ததெல்லாம் பின்னாடி போறப்ப நிக்கிறதே முன்னாடி போற மாதிரிதான். நங்கூரத்தைப் போடுங்க. நாலு மணி வாக்குல தண்ணி திரும்பும், அதுவே நம்மளக் கொண்டுபோய் விட்டுடும்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் எழுந்து நங்கூரத்தைத் தூக்கி வீசினாள். அழகான வீச்சு. நீலக் கயிறு வட்டம் வட்டமாக அவிழ்ந்து ஓடியது. கடைசி வட்டமும் அவிழ்ந்தது. அதன் நுனியும் பின்னாலேயே விளிம்பைத் தாண்டிப் போய் 'தொப்' என்று விழுந்தது.

கயிற்றின் நுனி கட்டியிருக்க வேண்டிய இரும்பு வளையம் கழுவித் துடைத்துப் பளபளத்தது.

"அவுத்துக் கழுவினேன்" என்றாள் டிரைவர். "கட்டல."

பிளாஸ்டிக் கயிறு என்பதால் அது மூழ்கவில்லை. நீலப் பாம்பு மாதிரி தண்ணீர் மேல் நெளிந்துகொண்டு, எங்களைவிட்டு விலகி விலகிப் போனது. உண்மையில் அது நின்ற இடத்திலேயே நின்றது. போனது நாங்கள்.

தம்பி துடுப்பை எடுத்து, எதிர்த்துப் போடாமல் குறுக்காகப் போட்டு, படகைக் கரையோரம் கொண்டுபோனான். அங்கே அடியில் கெட்டி மணல். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான். படகின் முன்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நீரோட்டத்துக்கு முகம் காட்டி நின்றான். கம்பம் நின்றது. தொட்டி நின்றது. நாங்கள் நின்றோம்.

"எவ்வளவு நேரம் இப்படி?" என்றாள் டிரைவர்.

"தண்ணி திரும்புற வரைக்கும்."

தண்ணீர் இறங்க இறங்க ஓரம் வற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே நின்றால் படகு தரைதட்டி உட்கார்ந்துவிடும். பிறகு ஏறும் தண்ணீர் வந்து தூக்க ஆறு மணி ஆகிவிடும். அதனால் கொஞ்ச நேரத்துக்கொரு முறை ஆழத்தின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான். இடுப்புக்கு மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. என் அளவு நாடா அவன் காலில் இருந்தது போல.

"உங்களுக்குக் கோபமே வராதா?"

"யார் மேல? நங்கூரத்தைப் போடச் சொன்னேன், போட்டீங்க. கட்டியிருக்கான்னு நான் பாத்திருக்கணும். லிஃப்டா இருந்தா பாத்திருப்பேன். உங்களப் பாத்துக்கிட்டிருந்தேன்."

டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சட்டையை மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

அப்போதுதான் அந்த மோட்டார் படகு வந்தது. தூண்டில்களும் ஐஸ் பெட்டியுமாக ஒரு பெரியவர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வேகத்தைக் குறைத்துக் கத்தினார்.

"என்னப்பா, படகை மேய்ச்சலுக்கு ஓட்டிட்டு வந்தியா? கயிறு போடட்டா? இழுத்துட்டுப் போயிடுறேன்."

தம்பிக்கு வீம்பு கிடையாது. டிரைவரைப் பார்த்தான்.

"டூட்டி உங்களுது, நீங்க சொல்லுங்க. அவரோட போனா இப்பவே போயிடலாம். என் கணக்குப்படி நின்னாலும் ஆறுக்குள்ள போயிடலாம். நாலரைக்குள்ள தண்ணி திரும்பலைன்னா, இந்தக் கரையேறினா பஸ் ரோடு. நானே கொண்டுபோய் பஸ் ஏத்தி விட்டுடுறேன்."

டிரைவர் அவனைப் பார்த்தாள். குறுகிய தெருவில் இந்த வண்டி நுழையுமா என்று அவள் பார்க்கும் பார்வை அது. நான் கொட்டகை வாசலில் நின்று பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு பெரியவரிடம் சத்தமாகச் சொன்னாள்.

"வேண்டாம்ணே. நாங்க நின்னுக்கிட்டிருக்கோம்."

"நிக்கிறதுதான் தெரியுதே!" என்று தலையில் அடித்துக்கொண்டு பெரியவர் போய்விட்டார். அவர் எழுப்பிய அலையில் தம்பி தோள்வரை நனைந்தான்.

படகு ஆடி அடங்கியதும் டிரைவர் பேன்ட்டை முட்டிவரை சுருட்டினாள். சுருட்டியது வீண், இறங்கியதும் அவளுக்கும் இடுப்பளவு. கயிற்றின் இன்னொரு பிடியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அடி எடுக்கும்போது சொல்லுங்க."

"இப்ப."

"ம்."

நான் படகில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து ஆளுக்கு ஒரு சுளையாக வாயில் போட்டேன். அரை மணி நேரத்துக்கு அந்த ஆற்றில் நடந்தது அவ்வளவுதான். தோலைத் தண்ணீரில் போட்டேன். அது கடலைப் பார்த்து ஓடியது. அடுத்தது சற்று மெதுவாக ஓடியது. இன்னொன்று போட்டேன்; டிரைவரின் முழங்கைக்குப் பக்கத்தில் போய் யோசிக்கிற மாதிரி நின்றது. மூவரும் அதையே பார்த்தோம். அது ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மெல்ல வீட்டுப் பக்கம் கிளம்பியது.

"திரும்பிருச்சு!" என்று டிரைவர் போட்ட சத்தம், சைரன் இல்லாத குறையைத் தீர்த்தது.

இருவரும் ஏறினார்கள். ஏறும் தண்ணீர் எங்களை எடுத்துக்கொண்டது. முதலில் தெரியாத மாதிரி, பிறகு தெரிகிற மாதிரி. வழியில் அந்த நீலக் கயிறு இப்போது எங்களுக்கு முன்னால் வாலை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. டிரைவர் விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். பிடித்தாள். பிடித்த வேகத்தில் அவள் முதலில் செய்தது நுனியை இரும்பு வளையத்தில் கட்டியதுதான். கட்டி, இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் இருவருமாக நங்கூரத்தை ஏற்றினார்கள்.

"வாளி எடுக்கட்டாம்மா?" என்றேன்.

"சேத்தோட இருக்கட்டும்க்கா. அது வீட்டுக்கு வரட்டும் முதல்ல."

படகுத்துறையில் இறங்கும்போது எதிர்க் கொட்டகையில் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. ஆறாக இன்னும் கால் மணி நேரம் இருந்தது. இவளுக்காக இரண்டு நாள் ஓட்டிய தோழி வண்டியில் சாய்ந்து நின்றாள். இடுப்புவரை நனைந்து, கையெல்லாம் சேறாக வந்தவளைப் பார்த்து, "என்னடி, ஆத்துல நடந்தே வந்தியா?" என்றாள்.

"பாதி தூரம் நின்னு வந்தேன்."

டிரைவர் போய் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். வண்டியில் ஏறவில்லை. தெருவைக் கடந்து படகுக்கு வந்தாள். தம்பி குனிந்து பாயை மடித்துக்கொண்டிருந்தான். கால் விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை எனக்கு லீவு. பதிவு ஆபீஸ் பத்து மணிக்குத் திறப்பாங்க. உங்களுக்கு அன்னிக்கு லிஃப்ட் எதுவும் இருக்கா?"

தம்பி நிமிர்ந்தான். கயிற்றைச் சோதிக்கும்போது செய்வது போலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். எனக்கு அவனை ஓர் இடி இடிக்கலாமா என்று இருந்தது.

"இல்ல" என்றான். "படகுலயே போயிடலாமா? பதிவு ஆபீஸ் ஆத்தோரம்தான்."

"படகுல வேண்டாம். நான் ஓட்டுறேன்."

"மெதுவா ஓட்டுவீங்களா?"

"சொன்ன நேரத்துக்கு ஓட்டுவேன்."

தோழி ஹாரனை அடித்தாள். டிரைவர் ஓடினாள். ஓடுவதற்கு முன், துறையில் படகைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்து, குனிந்து ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடினாள்.